ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்தது

மே 10, சனி இரவு

வடபழனி சிக்னலில் நின்றபோது ஏசிக் காற்று வெதுவெதுப்பாக வர ஆரம்பித்தது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்ச்சி. கோயம்பேட்டு நெரிசலில் வெப்பமுள் பாதியைத் தாண்டி ஏறியது. சாலை காலியான இடத்தில் தானே இறங்கியது. ஓடினால் சரி, நின்றால் கோளாறு என்றால் முதலில் ரேடியேட்டர் ஃபேனைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓடுகிற வண்டிக்கு எதிர்காற்று போதும். நிற்கிற வண்டிக்கு ஃபேன்தான் கதி.

ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து வீடு வந்து சேர்ந்தேன். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை ஹீட்டர் உள்ளே இழுத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிறவனைப் பக்கத்து ஆட்டோக்காரர் எப்படிப் பார்த்தார் என்பதை எழுதத் தேவையில்லை.

மே 11, ஞாயிறு

இன்ஜின் ஆறியிருக்கும்போதே பானட்டைத் திறந்து பார்த்தேன். இந்த வண்டியில் ஏசியைப் போட்டாலே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸ் முழுசாக இருக்கிறது. ரிலே மேல் விரலை வைத்தால் ‘டிக்’ என்று தட்டுகிறது.

அந்தச் சத்தத்தை நம்பித்தான் பலர் ரிலேயை நல்லது என்று விட்டுவிடுகிறார்கள். ரிலேக்குள் இருப்பது இரண்டு தனித்தனிச் சுற்றுகள். 85, 86 என்ற கால்களுக்கு நடுவே காயில். அதற்கு ஒரு ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு போதும். 30-ஆம் கால் பேட்டரியிலிருந்து வருவது, 87-ஆம் கால் ஃபேனுக்குப் போவது. பெரிய கரண்ட் ஓடுவது இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஜெர்மன்காரர்களின் DIN தரநிலையில் வந்த இந்த எண்களைப் பல ரிலேக்களின் அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். ‘டிக்’ என்றால் காயில் வேலை செய்கிறது, அவ்வளவுதான். உள்ளே காண்டாக்ட் கரிந்திருந்தாலும் அது தட்டும்.

ரிலேயைப் பிடுங்கியதும் கருகல் நாற்றம். 87-ஆம் காலைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. ஹார்ன் ரிலேயும் அதே எண், அதே கால் அமைப்பு. அதை மாற்றிச் செருகினேன்; ஃபேன் சுற்றியது, ஆனால் திணறித் திணறி. உடனே கழற்றிவிட்டேன். கருகிய சாக்கெட்டில் நல்ல ரிலேயை விட்டுவைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மே 12, திங்கள்

புதுப்பேட்டையில் தெரிந்த எலக்ட்ரீஷியன் பாயிடம் போனேன். பார்த்ததும், “ரிலேய தூக்கிட்டு டைரக்டா ஒரு சுவிட்ச் போட்டுடலாமா சார்? வேலை சுளுவா முடிஞ்சிடும்” என்றார். நடுரோட்டில் நின்றால் வீடு போய்ச்சேர அது சரி. நிரந்தரமாக வைத்தால், சுவிட்சைப் போட மறக்கிற ஒரு மதியத்தில் இன்ஜினே போகும். “வேணாம் பாய், ஏன் எரிஞ்சுதுன்னு பாருங்க” என்றேன்.

“அப்டி கேளுங்க” என்று சிரித்தபடி கிளாம்ப் மீட்டரை எடுத்தார். டிசி அளக்கிற வகை. வீட்டு வயரிங்காரர்கள் வைத்திருக்கிற, ஏசி கரண்ட் மட்டும் காட்டும் மீட்டர் இதற்கு உதவாது. பழைய ரிலேயையே திரும்பச் செருகி, ஸ்குரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டியதும் ஃபேன் சுற்றியது. ஃபேன் வயரில் 18 ஆம்பியர். இந்த மாதிரி ஃபேனுக்குப் பத்துப் பதினொன்றுதான் நியாயம். அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை ஃபேன் கனெக்டரின் பிளஸ்ஸில். 1.8 வோல்ட் காட்டியது. நல்ல சுற்றில் அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

காணாமல் போன 1.8 வோல்ட் எங்கேயும் போய்விடவில்லை. 18 ஆம்பியரோடு பெருக்கினால் 32 வாட். அதில் பெரும்பங்கு கட்டைவிரல் நகமளவு இடத்தில், ஒரு சால்டரிங் அயர்ன் போலக் காய்ந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: ஃபியூஸுக்குத் தெரிந்தது கரண்ட் மட்டுமே. 18 ஆம்பியர் 30-ஐத் தாண்டவில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாம் நலம்.

ஃபேனைக் கையால் சுற்றினால் இறுக்கம். மோட்டாரில் புஷ் தேய்ந்திருக்கிறது. இறுகிய மோட்டார் கரண்டைக் கூடுதலாக இழுக்க, கால் சூடாகி, சாக்கெட் தகட்டின் பிடிமானம் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகி வந்திருக்கிறது. ரிலே கடைசியில் மாட்டிக்கொண்டது.

மே 13, செவ்வாய்

ஜி.பி. ரோட்டில் மோட்டாரும் 40 ஆம்பியர் ரிலேயும் வாங்கினேன். காயிலுக்குக் குறுக்கே டயோடு உள்ள ரிலே என்றால் 85, 86 திசை மாறக் கூடாது. பழையதன் மேல் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். பெரிய ஃபியூஸ் போடலாமே என்று கடையில் ஒருவர் யோசனை சொன்னார். ஃபியூஸ் காப்பது வயரை. வயர் அதே கனத்தில் இருக்க, ஃபியூஸை மட்டும் ஏற்றுவது தீயைக் கூப்பிடுகிற வேலை.

பாய் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டிலிருந்து கருகிய தகட்டைப் பின்பக்கமாக உருவினார். வயரை வெட்டிக்கொண்டே போனார். செம்பு பளிச்சென்று தெரியும் வரை நிறுத்தவில்லை. புதுத் தகட்டைக் கிரிம்ப் செய்து செருகியதும் ரிலே அழுத்தமாக உட்கார்ந்தது. இந்தச் சின்ன வேலையைத்தான் பெரும்பாலான ஒர்க்‌ஷாப்புகள் விட்டுவிடுகின்றன. ஆறு மாதத்தில் அடுத்த ரிலே எரிய அதுவே காரணம்.

இப்போது 11 ஆம்பியர், 0.3 வோல்ட். அரைமணி நேரம் ஏசி ஓடிய பிறகும் ரிலே மேல் விரல் வைக்க முடிந்தது.

உங்கள் வண்டியில் ரிலே எரிந்தால் பழையதைக் கேட்டு வாங்கி, அதன் கால்களைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் பழுப்பேறியிருந்தால் சாக்கெட்டையும் மோட்டாரின் கரண்டையும் பார்க்கச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.