தொட்டிக் கள்ளியின் வேரழுகல்: கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் ஒரு களப்பார்வை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நர்சரிகளில் குரோட்டனும் செம்பருத்தியும் திறந்த வெளியில் மழையையும் வெயிலையும் ஏற்று நிற்க, கள்ளிச் செடிகள் மட்டும் ஒளி புகும் பாலித்தீன் கூரையின்கீழ், தரையிலிருந்து உயர்த்திய இரும்பு மேசைகளின்மீது தனியே வைக்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்தில் அதன் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுவதால், கள்ளி வளர்ப்புத் தொழிலாளரின் ஆண்டு முழுவதும் அந்த மூன்று மாதங்களை முன்வைத்தே திட்டமிடப்படுகிறது.

அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட கள்ளிக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் மண்ணின் மேலடுக்கிலேயே வேரைப் பரப்புகின்றன. வறட்சியில் தம் மெல்லிய வேர்களை உலரவிட்டு, மழை பெய்ததும் விரைவில் புது வேர்களை விடுகின்றன. ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவதே இவ்வேர்களின் இயல்பான சூழல் ஆகும். தொட்டி மண்ணின் நுண்துளைகள் நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் வேருக்கு உயிர்வளி கிடைக்காமல் அதன் செல்கள் மடிகின்றன. மடிந்த திசுவின் வழியே பித்தியம், பைட்டோப்தோரா என்னும் நீர்ப்பூஞ்சணங்களும் (நீரில் நீந்திப் பரவும் வித்துகளை உடையவை), பியுசேரியம் என்னும் பூஞ்சையும் உட்புகுகின்றன. ஆகவே வேரழுகலைத் தொற்றுநோய் என்று மட்டும் கருதி மருந்து தேடுவது பிழை. பெரும்பாலும் காற்றில்லாமையே முதல் காரணம், கிருமி அதன் பின்னே வருவது.

இந்த உண்மையைத் தொழிலாளர்கள் மண் கலவையிலேயே நடைமுறைப்படுத்துகின்றனர். தொலைதூர நர்சரிகளிலிருந்து வரும் கன்றுகள் பெரும்பாலும் தென்னை நார்த்தூளில் நடப்பட்டிருக்கும். எடை குறைந்த அத்தூள் பயணத்திற்கு ஏற்றது, ஆனால் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பது. எனவே கன்று வந்ததும் பழைய தூளை வேரிலிருந்து முழுவதும் உதிர்த்துவிட்டு, பரு மணல், உடைத்துச் சலித்த செங்கல், சிறு பங்கு மக்கிய எரு ஆகியவை சேர்ந்த கலவையில் மறுநடவு செய்கின்றனர். சலிக்கும்போது சல்லடையில் தங்குவதே பயன்படுகிறது. கீழே விழும் பொடி துளைகளை அடைத்துவிடும் என்பதால் ஒதுக்கப்படுகிறது. தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்னும் பரவலான அறிவுரை உண்மைக்கு மாறானது: நுண்மணல் பருங்கல்லைச் சந்திக்கும் எல்லையில் நீர் தேங்கி நிற்பதால், ஈரம் செறிந்த அடுக்கு மேலேறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. கலவை முழுவதும் ஒரே தன்மையில் பருமனாக இருப்பதும், தொட்டி செடியைவிடச் சற்றே பெரிதாக இருப்பதும், இயன்றால் அது மண்தொட்டியாக இருப்பதுமே பயன் தரும்.

நோய் கண்ட செடியைக் காப்பாற்றுவதில் தொழிலாளரின் திறன் முழுமையாக வெளிப்படுகிறது. தொட்டியைத் தூக்கியதும் அதன் எடையைக் கொண்டே உள்ளிருக்கும் ஈரத்தை மதிப்பிடுகின்றனர். செடியின் அடிப்பகுதி இளகியிருந்தாலோ, லேசாகத் தொட்டதும் ஆடினாலோ, மடித்த செய்தித்தாளால் முட்களைச் சுற்றிப் பிடித்து வெளியே எடுத்து மண்ணைக் கழுவுகின்றனர். வெண்மையாகவும் உறுதியாகவும் உள்ள வேர்கள் விடப்படுகின்றன. தோலுரிந்து பழுப்பாகிக் குழைந்தவை நீக்கப்படுகின்றன. அழுகல் தண்டினுள் ஏறியிருந்தால் கூரிய கத்தியால் அடியிலிருந்து வில்லை வில்லையாக அறுக்கின்றனர்; ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தி ஸ்பிரிட்டால் துடைக்கப்படுகிறது. வெட்டுமுகத்தின் நடுவே தெரியும் சாற்றுக்குழாய் வளையத்தில் (நீரும் உணவும் செல்லும் திசுக்களின் வட்டம்) செம்பழுப்புப் புள்ளி ஒன்று எஞ்சியிருந்தாலும், சுற்றிலும் சதை பசுமையாகத் தோன்றினாலும், வெட்டு தொடர்கிறது. அப்புள்ளியை விட்டுவைத்தால் நோய் சில வாரங்களில் உச்சியை எட்டிவிடும். தூய முகம் கிடைத்தபின் அதன் வெளிவிளிம்பைச் சாய்வாகச் சீவுகின்றனர். நடுச்சதை உலர்ந்து உள்வாங்கும்போது விறைத்த விளிம்பு துருத்தி நின்றால், வளையத்திலிருந்து கிளம்பும் புது வேர் மண்ணைத் தொடுவது கடினமாகும். கந்தகத்தூள் தடவி நிழலில் காற்றோட்டமாக வைத்தால், செடியின் பருமனைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரங்களிலோ சற்றுக் கூடுதலாகவோ முகம் உலர்ந்து காய்ப்புக் கட்டும். அதன் பிறகே உலர்ந்த கலவையின்மீது வைக்கின்றனர். வேர் விடும்வரை தொட்டிக்கு நீர் ஊற்றுவதில்லை. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தவை என்பதால், அவற்றை வெட்டும்போது வடியும் நச்சுப்பாலை முதலில் கழுவிவிட வேண்டும். அது கண்ணில் படலாகாது.

சிவப்பு, மஞ்சள் தலைகளுடன் விற்பனையாகும் ஒட்டுக்கள்ளி தனிக் கவனம் கோருவது. அத்தலையில் பச்சையம் இல்லாததால் அது தானாக வேரூன்றி வாழ இயலாது. டிராகன் பழக் கள்ளியின் தண்டே அதற்கு உணவூட்டுகிறது. அத்தண்டு அழுகினால் தலையை வெட்டி, புதிய தண்டின் வளையமும் தலையின் வளையமும் ஓரிடத்திலேனும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு பொருத்தி ரப்பர் வளையத்தால் கட்டுகின்றனர். விரல்களில் கள்ளிமுள் ஏறியபடியே இந்நுண்பணியைச் செய்வோரைச் சாதாரணக் கூலியாட்களாகக் கருதுவது அநீதி. அவர்களுடையது தோட்டக்கலை அறிவே, அதற்குரிய ஊதியமும் மதிப்பும் அவர்களுக்கு உரியவை.

மருந்துகளுக்கு இதில் சிறு இடமே உண்டு. கார்பென்டசிம் பியுசேரியத்திற்கு எதிராகச் செயல்படக்கூடியது என்றாலும் நீர்ப்பூஞ்சணங்களிடம் பயனற்றது. அவற்றுக்கு மெட்டலாக்சில் வகை தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை தரும் பூஞ்சையைக் கலவையில் முன்கூட்டியே சேர்ப்பது தடுப்புக்கு உதவும்; அழுகிய தண்டை அது மீட்காது.

கள்ளி வாங்கும் வாசகர்கள், நீர் ஊற்றுவதற்கு முன் அது நார்த்தூளில் நிற்கிறதா என்று பார்த்து, நிற்குமாயின் கலவையை மாற்றிவிட வேண்டும். அதன்பின் தொட்டி அடிவரை உலர்ந்த பிறகு மட்டும் நீர் விட்டு, வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை செடியை மழை படாத வெளிச்சமான இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.