பெட்டிக்குள் ஒரு மிதிவண்டி

அம்பத்தூர்ப் பகுதியில் பங்குப் பணியாற்றுவோர் மிதிவண்டியைப் பற்றி அறியாதிருத்தல் அரிது. முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தாரும் கூட்டாக 1949-ஆம் ஆண்டில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை இவ்வூரில்தான் எழுந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்பன இங்குள்ள இல்லங்களில் உறவினர் பெயர்களைப் போல வழங்கும். ஆயினும் மிதிவண்டியை வானூர்தியில் ஏற்றும் முறையை நாம் கற்றது 2023-ஆம் ஆண்டிலேதான்.

பிரான்சு நாட்டில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் எனும் நெடுவழி மிதிவண்டிப் பயணம் நடைபெறுகிறது. தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். மிகுதியாக 90 மணி நேரமே தரப்படும். 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்களை முன்னரே முடித்துத் தகுதி பெற்ற நம் பங்கு இளைஞர் ஒருவர், அவ்வாண்டு ஆகஸ்டில் அதற்குப் புறப்பட்டார். சேமிப்பு முழுவதும் பயணச்சீட்டில் கரைந்தது. வண்டி வளைந்து போய்ச் சேருமாயின் வேறொன்று வாங்க வழியில்லை.

அவருடைய தந்தை மிதிவண்டிகளைப் பூட்டும் தொழிலில் உழைத்து ஓய்வு பெற்றவர். "வாழ்நாளெல்லாம் பூட்டியவன் சாமி நான், கழற்றுவதற்குக் கை வரமாட்டேன் என்கிறது" என்றார். ஆயினும் கழற்றினார், மகனையும் அருகில் அமர்த்திக் கழற்றச் செய்தார்.

முதலில் மிதிகள். வலப்பக்க மிதியின் மறை வழக்கமானது, இடப்பக்கத்தது எதிர்மறை. மிதிக்க மிதிக்கத் தளர்ந்துவிடாதிருக்கவே இவ்வேற்பாடு. ஸ்பானரை மேல்நோக்கி மாட்டிப் பின்பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். முன்பக்கம் தள்ளினால் இறுகும். இதை அறியாதவர் இடப்பக்க மிதியோடு மல்லாடி மறையைக் கெடுத்துவிடுவர். பின்னர்க் கைப்பிடியும் இருக்கையும் முன்சக்கரமும் கழன்றன. ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் துளையிலேயே மீண்டும் மாட்டிவைத்தார். முன்கவட்டையின் இரு கால்களும் நசுங்காதிருக்க இடையில் ஒரு மரத்துண்டு. தட்டுப் பிரேக்கின் கட்டைகளுக்கிடையே மடித்த அட்டை. கியர் மாற்றியைத் தனியே கழற்றிப் பழந்துணியில் பொதிந்தார். சைக்கிள் கடையில் புது வண்டி வந்திறங்கிய அட்டைப்பெட்டியே போதுமானதாயிற்று.

சக்கரத்தின் காற்றை இறக்குமாறு விமான நிறுவனங்கள் கேட்பதுண்டு. சரக்கறையிலும் பயணிகள் அறையைப் போன்றே காற்றழுத்தம் காக்கப்படுவதால் டயர் வெடித்துவிடும் என்னும் அச்சம் மிகையே. முழுவதும் இறக்கிவிட்டால் விளிம்புக்குக் காப்பு இராது என்று கருதிப் பாதியளவே இறக்கினார். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தீப்பற்றக்கூடியதாதலால் வீட்டிலேயே நின்றது. விளக்குகளுக்கான உதிரி லித்தியம் மின்கலங்கள் பெட்டியில் போகலாகாது; கைப்பையிலேயே போதல் வேண்டும்.

எடை வரம்பு 23 கிலோ. இங்கேதான் அம்மையார் குறுக்கிட்டார். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே வெற்றிடம் கண்டவர், அதில் பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் நுழைத்தார். கணவர் எடுத்தார், அவர் மீண்டும் நுழைத்தார். நம்மிடம் வழக்கு வந்தபோது, பொடிக்கு இடமுண்டு, எண்ணெய் கசியும் ஊறுகாய்க்கு இல்லை என்று தீர்ப்பளித்தோம். அம்மையார் அதனை முழுமனதுடன் ஏற்றதாகத் தோன்றவில்லை.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்களே 1903-இல் வானூர்தியைப் பறக்கவிட்டனர். அதன் சுழல்விசிறிகளைச் சுழற்றியதும் சங்கிலியே. தன் குலத்தானையே இன்று வானூர்தி சரக்காகச் சுமப்பதை எண்ணி நாம் நகைத்தோம். தந்தை நகைக்கவில்லை. பெட்டியைத் திறந்து, முழுவதும் பூட்டிக் காட்டுமாறு மகனைப் பணித்தார். ஒருமுறையன்று, இருமுறை. இரண்டாம் முறை விளக்கணைத்து, கைவிளக்கின் ஒளியில். இரவில் சாலையோரத்தில் தான் உடனிருக்க இயலாது என்றார்.

இளைஞர் அப்பயணத்தை உரிய நேரத்துள் முடித்தார் என்பதை வாசகர்க்கு மகிழ்வுடன் தெரிவிக்கிறோம். ஆயினும் தந்தையின் கவலை, மகன் பிரான்சில் இறங்கிய மறுநாளே தீர்ந்தது. வண்டியைப் பூட்டிவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே: "இடது மிதியை எந்தப் பக்கம் தள்ளினாய்?"

"முன்பக்கம்தான் அப்பா."

"சரி, அம்மாவிடம் பேசு" என்று தொலைபேசியைக் கொடுத்துவிட்டார்.