கைப்பையில் முறுக்கு, பெட்டியில் மாத்திரை!

சென்ற ஆண்டு தோழிகள் நால்வரும் சிங்கப்பூர் போனோம். சாங்கி விமான நிலையத்தில் மற்ற மூவர் பெட்டியும் வந்துவிட்டது; என்னுடையதை மட்டும் காணோம்! புடவை போனால் போகட்டும், ரத்த அழுத்த மாத்திரை அதில்தான் இருந்தது.

சிராங்கூன் ரோடு மருந்துக்கடையில், "இங்குள்ள டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாதும்மா" என்று கைவிரித்துவிட்டார்கள். "முறுக்கை மறக்காம கைப்பையிலே வெச்சியே, மாத்திரையை வைக்கத் தோணலையாடி?" என்று கடிந்துகொண்டே ஒருத்தி கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். பிரஷர் 170/100. டாக்டரே மாத்திரையும் கொடுத்து, படுத்திருக்கச் சொன்னார். ஊர் சுற்ற வந்தவர்கள் மூவரும் அறையிலேயே என்னோடு உட்கார்ந்துவிட்டார்கள். தலைவலியைவிட அதுதான் என்னை வாட்டியது.

பெட்டி மறுநாள் வந்தது. சகோதரிகளே, சிங்கப்பூர் நேரம் நமக்கு 2½ மணி முந்தியது. மாத்திரை வேளையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையும் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.