மூன்று சாவிகளும் ஒரு பட்டியலும்

எங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் பெட்டிக்கு நெடுங்காலமாக மூன்று பூட்டுகள், சாவிகள் மூவரிடம். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. அமானிதத்தைக் காக்கப் பெரியவர்கள் கண்ட நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, சாவி வைத்திருந்தவர்களுள் ஒருவர் திருமணத்திற்காகக் காயல்பட்டினம் சென்றிருந்தார். அங்கே ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. சாலையும் இல்லை, தொலைபேசியும் இல்லை. பெட்டிக்குள் பணம் மட்டுமன்று, மாதந்தோறும் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலும் இருந்தது. தம் பெயர் வெளியே தெரிவதைவிடப் பட்டினியே மேல் என்றிருக்கும் வீடுகள் அவை.

இப்போது அப்பட்டியல் கணினியில் ஏறிவிட்டது. கடவுச்சொல் ஒரே ஒருவரிடம். இது முன்னதைவிடக் கேடு என்பதே எங்கள் எண்ணம். அவர் மவ்த்தாகிவிட்டால் என்ன செய்வது?

இதற்கு அடி ஷமீர் என்ற கணினி அறிஞர் 1979-இலேயே வழி சொல்லியிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் விளங்கும் கணக்கு அது. மறைக்க வேண்டிய எண் 7 என்று கொள்வோம். அத்துடன் 3-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 10, 13, 16. இவற்றை வரிசையாக மூவரிடம் கொடுத்துவிட்டு, 7-ஐயும் 3-ஐயும் அழித்துவிடலாம். முதலாமவரும் மூன்றாமவரும் சந்தித்தால், இரண்டு படிக்கு 6, ஒரு படிக்கு 3. ஒரு படி பின்னே போனால் 7. எந்த இருவர் கூடினாலும் போதும். தனியொருவரிடமுள்ள 10 மட்டும் எதையும் காட்டிக்கொடுக்காது. நடைமுறையில் மிகப் பெரிய பகா எண்ணால் வகுத்த மீதிகளைக் கொண்டு கணக்கிடுவர்.

மூன்றாமவர் 16-ஐ மறைத்து 17 என்று பொய் சொன்னால்? மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது தெரியும். பொய்யர் யாரென்று தெரியாது. நான்காவதாக ஒருவரிடம் 19 இருந்தால், உண்மையான மூன்றும் ஒரே வரிசையில் நிற்க, பொய் தனித்துவிடும்.

பங்கிட்டுக் கொடுப்பவரே ஏமாற்றினால் என்ன என்பது அடுத்த கேள்வி. கணினி ஆய்வாளர்கள் இதில் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சி. பாண்டு ரங்கனும் அவருடைய மாணவர்கள் அர்பிதா பத்ரா, ஆஷிஷ் சவுத்ரி ஆகியோரும், தால் ராபின் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். துரோகி ஒருவர் என்றால் மொத்தம் நால்வர், இருவர் என்றால் எழுவர் வேண்டும். மிகச் சிறிய பிழைவாய்ப்பை ஏற்றுக்கொண்டால் இரண்டே சுற்றில் பங்கீட்டை முடித்துவிடலாம். பிழைக்கே இடமில்லை என்றால் மூன்று சுற்று தேவை என்பது முன்னரே நிறுவப்பட்டிருந்தது.

நால்வர் போதும் என்று எங்கள் ஜமாஅத்தில் பேச்சு நடக்கிறது. அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் பெண்களின் பெயர்கள் அல்லவா?