கொலைகாரன் பாடுன கல்யாணப் பாட்டு

நாகர்கோவில்,
ஞாயிறு மத்தியானம்

எட்டி மக்கா,

நம்ம கோட்டாறு அத்தை பேத்தி கல்யாணத்துக்கு நீ வராதது உனக்குத்தான் நட்டம். சாப்பாட்டை விடு, எரிசேரி, புளிசேரி, அடைப்பிரதமன் எல்லாம் கொள்ளாம். விசேஷம் ராத்திரி ரிசப்ஷன்லதான். மாப்பிள்ளையே கிட்டாரைத் தூக்கி மடியில வச்சு 'என் இனிய பொன் நிலாவே' பாடினான். பொண்ணு அப்படியே உருகிட்டா. நான் முந்தானையை வாயில வச்சுச் சிரிப்பை அடக்கினேன்.

அந்தப் பாட்டை யாரு, யாருக்குப் பாடுதான்னு ஓர்மை இருக்கா? 'மூடுபனி', 1980. பொம்பளையளைக் கொல்லுத கோட்டிக்காரன் பிரதாப் போத்தன். ஷோபாவைக் கடத்தி ஊட்டிக்குக் கொண்டுபோய் வச்சுக்கிட்டு, அவ முன்னால இருந்து பாடுதான்! நம்ம புதுமாப்பிள்ளையும் பொண்ணும் தேனிலவுக்குப் போறது எங்கன்னு நினைக்க? ஊட்டிக்கேதான். சொல்ல வாயெடுத்தேன், மயினி கண்ணாலயே மிரட்டிட்டா.

பாவம் ஷோபா. படம் வந்தது நவம்பர்ல, அவ மே மாசமே போய்ச் சேர்ந்துட்டா. இளையராஜாவுக்கு அது நூறாவது படம். தம்பி கங்கை அமரன் எழுத்து. யேசுதாஸ் குரல் எங்கயாச்சும் குழையுதான்னு பாரு. நல்ல குடும்பத்துப் பையன் கணக்கா நிதானமாப் பாடுதாரு. அதுதாம்ட்டி பயம்.

பொறவு பாடுத ஒருத்தனுக்கும் அந்தப் பயம் கிடையாது. நம்ம ஊர்ல சர்ச் கொயர்ல கிட்டார் படிக்க பயலுவ, கொஞ்சம் விரல் பழகினதும் இதைத்தான் தொடுதானுவ. யூடியூப்பைத் திறந்தா வயலின், புல்லாங்குழல், பியானோன்னு வரிசையா நிக்கி. பாதிப்பேர் ஆரம்பத்துக் கிட்டாரைச் சுருக்கிட்டு நேரா பல்லவிக்குத் தாவுதானுவ. சவம், பாட்டோட உயிரே அங்கதான இருக்கு! மிச்சப்பேர் குரல்ல சீனியைக் கொட்டுதானுவ.

இன்னொரு கூத்து கேட்டியா? 'அகத்தியா' படத்துக்கு யுவனே அப்பா பாட்டைப் புதுசாப் பண்ணினான். ராஜாகிட்ட அனுமதி வாங்கியாச்சுன்னு படக்காரவிய சொல்ல, 'மூடுபனி' தயாரிப்பாளர் அப்பமே எங்களுக்கு உரிமையைக் கொடுத்தாச்சுன்னு சரிகம கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயிட்டு. 2025 ஜனவரியில வந்த இடைக்கால உத்தரவு சரிகம பக்கம். ஆனா படத்தை நிறுத்தலை, 30 லட்சத்தைக் கட்டிட்டுப் பாட்டை வச்சுக்கோன்னாச்சு. மெட்டுப் போட்டவரு அப்பா, திரும்பப் போட்டவன் மகன், ரூவாயைக் கட்டினது வேற ஆளு. நம்ம ஊரு சொத்து வழக்கெல்லாம் பிச்சை வாங்கணும்.

உன் மவன் கிட்டார் படிக்கான்னு சொன்னியே. அந்த முன்வாசிப்பை மட்டும் குறைக்காம வாசிக்கச் சொல்லி வாட்சப்ல அனுப்பு. பாட வேண்டாம்னு சொல்லு. கல்யாணத்துல கேட்டதே ஒரு வருசத்துக்குக் காணும்.

உன்
கூட்டுக்காரி