குடிக்காதவனின் குருதி

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது குருதியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கின்றேன். எழுதியவன் அதனைச் செய்ததில்லை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வயிற்றுப் பொருமல் சில நாட்கள் நீடித்தபோதுதான் முதன்முறையாக ஆய்வுகூடத்தில் கையை நீட்டினேன்.

அறிக்கையில் ஈரலும் சிறுநீரகமும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் அமைலேசு 286, இலிப்பேசு 214. முன்னையது ஏறத்தாழ 100 அலகுகளையும் பின்னையது 60 அலகுகளையும் தாண்டலாகாது என அதே தாளில் அச்சிடப்பட்டிருந்தது. இரண்டும் சதையி சுரக்கின்ற நொதியங்கள். ஒன்று மாப்பொருளையும் மற்றையது கொழுப்பையும் சமிபாடடையச் செய்கின்றன. குடலுக்குச் செல்லவேண்டிய இவை குருதியில் மிகுந்திருந்தால், சதையியில் அழற்சி உண்டோ என்றே வைத்தியர்கள் முதலில் ஐயுறுவர்.

"குடிப்பதுண்டா?" என்று வைத்தியர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"பத்திரிகைக்காரர் என்கிறீர்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னுடன் வீடுவரை வந்தது. இரவு மனைவியும் தணிந்த குரலில் கேட்டாள்: "கந்தோரிலை ஏதும் பழகியிட்டீங்களோ? சொல்லுங்கோ, நான் கோவிக்கமாட்டன்." மதுசாரத்தைத் தொட்டறியாதவன் அதனை எவ்வாறு நிரூபிப்பது? இல்லாத ஒன்றுக்குச் சாட்சி தேடுவது எத்துணை கடினம் என்பதை அன்று உணர்ந்தேன்.

அவளிடம் நான் சொல்லாத அச்சம் வேறொன்று. என் பக்கத்து மேசையில் பதினைந்து ஆண்டுகள் இருந்த நண்பர் 2016இல் சதையிப் புற்றுநோயினால் மறைந்தார். நோய் தெரியவந்த நான்காம் மாதத்தில் அவருக்கான அஞ்சலிக் குறிப்பை எழுதியவன் நான்.

அதன்பின் வயிற்று ஸ்கான், சி.ரி., எம்.ஆர்.ஐ. என ஒவ்வொன்றாக நடந்தன. நாடு எரிபொருள் வரிசைகளில் நின்ற காலம். பரிசோதனைகள் பல தடவை தள்ளிப்போயின. படங்களில் சதையியில் எந்தக் குறையும் இல்லை. கல்லில்லை, கட்டியில்லை, குழாயில் அடைப்பில்லை. ஆனால் நொதியங்கள் மட்டும் தணியவில்லை. ஒருமுறை அமைலேசு 310; பிறிதொரு முறை 95; மீண்டும் 240.

இறுதியாக நான் சந்தித்த மூத்த நிபுணர் பொறுமையாக விளக்கினார். உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் அமைலேசு வரலாம். அமைலேசு பெரும் புரதங்களுடன் பிணைந்து, சிறுநீரகத்தினூடாக வெளியேற இயலாமல் குருதியில் தங்குவதும் உண்டு. ஆனால் அவ்விரு நிலைகளிலும் இலிப்பேசு பொதுவாக உயர்வதில்லை. எனக்கோ இரண்டும் உயர்ந்திருந்தன. சிறுநீரகம் பழுதில்லை, காரணமாகக்கூடிய மருந்தெதனையும் நான் உட்கொள்ளவும் இல்லை.

இத்தாலியின் பொலோஞ்ஞா நகர வைத்தியரான லூச்சியோ குல்லோ 1996இல் இவ்வாறானவர்களைப் பற்றி எழுதினார். சதையியில் நோயின்றியே அதன் நொதியங்கள் ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருக்கும். நாளுக்கு நாள் ஏறியிறங்கும். சில நாட்களில் வழமைக்கும் திரும்பும். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதையும் பின்னர் அவர் எடுத்துக்காட்டினார். சிகிச்சை தேவையில்லை. இந்நிலை இன்று அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

"ஆனால் இன்றே அந்தப் பெயரை உமக்குச் சூட்டமாட்டேன்" என்றார் நிபுணர். குறைந்தது ஓராண்டாவது கண்காணிக்க வேண்டுமாம். உயர்ந்த நொதியங்களுடன் நலமாகத் தோன்றிய சிலரின் சதையிக் குழாய்களில் நுண்ணிய படப்பரிசோதனை பின்னர் மாற்றங்களைக் காட்டியதும் உண்டு. ஆகவே, மற்றெல்லாவற்றையும் விலக்கிய பின்னரே இந்த முடிவுக்கு வரலாம்.

அந்த ஓராண்டு நீண்டதாகவே இருந்தது. இடையில் ரொறன்ரோவிலுள்ள தம்பியிடம் விடயத்தைச் சொல்லி, குருதியைப் பரிசோதிக்கும்படி கேட்டேன். அவனுக்கும் இரண்டும் உயர்ந்திருந்தன. வயிற்றில் ஒரு நோவும் இல்லாதவன். மனைவி அந்த அறிக்கையைக் கைப்பேசியில் இருமுறை பார்த்தாள். "அப்ப இது உங்கடை வீட்டுச் சொத்து" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று இரவுதான் நண்பரைப் பற்றிய அச்சத்தையும் அவளிடம் சொன்னேன்.

2023இன் நடுப்பகுதியில் நிபுணர் அந்தப் பெயரை எழுதித் தந்தார். வாசகர் எவரும் இதைப் படித்துவிட்டுத் தமக்குத் தாமே அப்பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். எனது தாள் பணப்பையில் நான்காக மடிக்கப்பட்டு இருக்கின்றது. என்றாவது நினைவிழந்து நான் கொண்டுசெல்லப்பட்டால், புதியதொரு வைத்தியர் என் குருதியைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அப்போது எடுத்து நீட்டுவதற்காக, அதன் பிரதியொன்றை அவளும் தன் கைப்பையில் வைத்திருக்கின்றாள்.