முற்றத்துப் புல்

எங்கள் கல்முனைக் கரையில் முற்றமென்றால் அது மணல் முற்றம்தான். சுபஹுத் தொழுத கையோடு ஈர்க்கு விளக்குமாறை எடுத்துக் கூட்டினால், அது கீறிய வரிகள் பகல் வரைக்கும் அழியாமல் கிடக்கும். அங்கே புல் முளைத்தால் கவனிக்க ஆளில்லாத வளவு என்று அயலார் நினைப்பார்கள். அப்படிப்பட்ட முற்றத்தில் என் மருமகன் காசு கொடுத்துப் புல் பதித்தார்.

கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்தவர், செம்மண்ணும் மாட்டெருவும் பரப்பி, மலேசியன் புல்லைத் துண்டு துண்டாக நெருக்கி அடுக்கினார். "மாமிக்கிட்ட சொல்லுங்க, ரெண்டு கிழமைக்கு ஈரம் காயப்படாது" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் பயணமானார். நேரே என்னிடம் சொல்ல அவருக்கும் கூச்சம், கேட்க எனக்கும் கூச்சம்.

அது கச்சான் காற்றுக் காலம். மணலோ ஊற்றிய தண்ணீரை ஒரு நொடியில் குடித்துவிடும். மோட்டரைப் போட்டு மூன்று நேரமும் ரப்பர் குழாயால் நனைத்தேன். பேரன் மிதித்துவிடாமல் கயிறும் கட்டினேன். பதினைந்தாம் நாள் ஒரு துண்டின் ஓரத்தை மெல்லத் தூக்கினால் அது வரவில்லை, வேர் பிடித்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும். பச்சையின் ஆசையில் நான் குறைக்கவில்லை.

ஒரு மாலையில் பக்கத்து வீட்டு ராத்தா வேலியோரம் வந்து நின்றார். "தங்கச்சி, எங்கட கிணத்துத் தேத்தண்ணி உப்புக் கரிக்குது. உங்கடயும் அப்படியா?"

வாளியில் அள்ளி வாயில் வைத்தேன். 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கிணறுகளெல்லாம் உப்பாகிக் கிடந்தன. உப்புப் போகட்டுமென்று திரும்பத் திரும்ப இறைத்த சில கிணறுகளில், அடியிலிருந்த உவர்நீர் இன்னும் மேலேறியதுதான் மிச்சம். கடலோர மணலுக்குள் மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது உப்பை அமுக்கிப் பிடித்திருக்கும். மேலே குறையக் குறைய கீழே உப்பு ஏறும். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் புல்லுக்கு இறைத்திருக்கிறேன், அதுவும் இரண்டு வீட்டுத் தண்ணீரை.

அடுத்த நாளே குழாயைச் சுருட்டி வைத்தேன். தெருப்பக்கத்துப் புல்லைப் பெயர்த்தெடுத்து, கிணற்றடியில் ஒரு பாய் அகலம் மட்டும் விட்டேன். வுழூச் செய்த தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் அதற்குப் போயின. மூன்று நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறுமுன் பூவாளியால் நிதானமாக ஊற்றினேன். மேலாக அடிக்கடி நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஆழ நனைந்தால்தான் கீழே தேடிப் போகும். ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாகவும் விட்டேன். நுனி பழுத்தது, ஆனால் சாகவில்லை.

மருமகனிடம் விஷயத்தைச் சொல்ல மகளுக்குப் பயம். கடைசியில் நானே போனை வாங்கிச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ராத்தாட தண்ணி சரியாகிட்டா, மாமி?" என்று கேட்டார்.

மாரி மழை வந்து இரண்டு மாதம் பெய்தது. அதற்குப் பிறகொரு நாள் ராத்தா ஒரு கோப்பைத் தேத்தண்ணீரைப் பேரனிடம் கொடுத்து, குடித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். சீனிதான் கொஞ்சம் கூட.